"வடிவா இல்லை, மாத்து": வன்னியில் டிசைன் வேலை பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. இப்போது வவுனியாவில் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளும், பரந்தன், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கடைகளில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பெரிய கொம்பனிகளில் டிசைனர்களை வழிநடத்தவென்றே ஓர் ஆளை வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதையும் முதலாளிதான் பார்ப்பார். பில் போடுவதும் அவர், மெசினுக்கு மை விடுவதும் அவர், உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று "அதை இஞ்சால நகர்த்து" என்பதும் அவர்.

"வடிவா இல்லை, மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எதை மாற்றுவது?

முதலில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். பழகுகிற காலத்தில் எல்லோரும் பதறிப்போய் நிறத்தையும் எழுத்தையும் படம் இருக்கும் இடத்தையும் ஒரேயடியாக மாற்றுவோம். அதற்குப் பிறகு அவருக்குப் பிடிக்காதது போனதா, பிடித்தது போனதா என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

முதலாளி பெரும்பாலும் மருந்தைத்தான் சொல்வார். "சிவப்பாக்கு", "பெட்டி போடு", "மூலையில பூ ஒண்டு வை." என்ன வருத்தம் என்று சொல்ல மாட்டார். சொல்லக்கூடாது என்றில்லை, அதைச் சொல்லும் சொற்கள் அவரிடம் இல்லை. அதைக் கேட்டு எடுக்க வேண்டியது நாங்கள். "ஏன்?" என்று நேரே கேட்டால் எதிர்த்துக் கதைப்பதாகப் படும். அதனால் "இது ஆர் பாக்கிறதுக்கு அண்ணை? எவடத்தில கட்டப் போகினம்?" என்று கேட்டுப் பாருங்கள். அரைவாசிப் பேர் அதிலேயே உண்மையான குறையைச் சொல்லிவிடுவார்கள்.

அவர்களுடைய சொற்களுக்கு நான் மனதுக்குள் ஒரு அகராதி வைத்திருந்தேன். "எடுப்பா இல்லை" என்றால் எழுத்தும் பின்னணியும் ஒரே கனத்தில் கிடக்கின்றன, ஒன்றைக் கடுமையாக்க வேண்டும். "வெறிச்செண்டு கிடக்கு" என்றால், காசு கொடுக்கிற ஆள் வெற்றிடத்துக்கும் காசு கொடுத்ததாக நினைப்பார் என்ற பயம். "ஒரு மாதிரிக் கிடக்கு" என்றால் படமோ எழுத்தோ கோணலாக இருக்கிறது, அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டது, எது என்று அவருக்கே பிடிபடவில்லை. இந்தக் கடைசி ஒன்றில் பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஓரங்களை அளந்து பாருங்கள்.

இதிலும் பிடி கிடைக்காவிட்டால், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடுகிற இரண்டு படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "என்ன பிடிக்கேல்லை?" என்ற கேள்விக்குத் திணறுகிற மனிதர், "இதா அதா?" என்றால் உடனே விரலை நீட்டுவார்.

நான் முறையாகப் படித்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் படிக்கவில்லை. அவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டுமா?

இதற்கு என் கதையையே சொல்கிறேன். உரக்கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை. வெள்ளைப் பின்னணி, மெல்லிய பச்சை எழுத்து, சுற்றிவர நல்ல இடைவெளி. எனக்கு அது என் வாழ்நாளின் முதல் நல்ல வேலை. முதலாளி பார்த்துவிட்டு "வெள்ளை வேண்டாம், நெற்கதிர் ஒண்டு போடு" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு கடைக்காரரிடமே நைசாகக் கதைத்து என்னுடையதை ஏற்றுவித்துவிட்டேன்.

கடை கிரவல் வீதிக்கு முன்னால். ஒரு போகம் முடிவதற்குள் உழவு மெசினும் லொறியும் கிளப்பிய புழுதியில் என் வெள்ளைப் பலகை கீழ்ப்பாதி செம்மண் நிறமாகிவிட்டது. மெல்லிய பச்சை எழுத்து கிட்டப் போனால்தான் தெரிந்தது. நெற்கதிர் விஷயத்திலும் முதலாளி சொன்னதுதான் சரி. இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயலில் இருந்து வருகிற ஆட்கள் பலகையை நின்று வாசிப்பதில்லை. கதிரைக் கண்டால் உரக்கடை என்று திரும்புவார்கள். முதலாளி சின்ன வயதில் தூரிகையால் போர்ட் எழுதித் திரிந்தவர், எந்த நிறம் எத்தனை மாரி தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அதை எனக்கு விளங்கப்படுத்தத்தான் தெரியவில்லை. அவருடைய வழிநடத்தல் மோசம், அவருடைய அறிவு மோசமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில் எனக்கு ஒரு வருடம் வீணாகப் போனது.

எல்லாவற்றையும் பெரிதாக்கச் சொல்கிறார். தலைப்பும் பெரிது, படமும் பெரிது, தொலைபேசி இலக்கமும் பெரிது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற வீடு மாதிரித்தான் அது. ஆனால் இதை விளக்கப் போய் வென்றவரை நான் காணவில்லை. கணக்காகச் சொல்லுங்கள். ஏ9 வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடும். மூன்று செக்கன் பார்த்தால் 42 மீற்றர். அந்த மூன்று செக்கனில் எத்தனை சொல் வாசிப்பீர்கள் என்று அவரையே கேளுங்கள். போர்ட் எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். நூறு அடியில் இருந்து தெரிய வேண்டிய சொல்லுக்குப் பத்து அங்குலம். இந்தக் கணக்கைப் போட்டு, முதலில் தெரிய வேண்டிய இரண்டு சொல்லுக்கு இடத்தைக் கொடுத்தால், மிச்சம் எல்லாம் தானாகச் சிறுக்கும்.

இன்னொரு வழி, டிசைனைச் சின்னதாக ஏ4 தாளில் அடித்து எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, "அண்ணை, வாசலில நிண்டு பாருங்கோ" என்று கூப்பிடுவது. திரையில் மூக்கை வைத்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சின்னதாகத்தான் தெரியும்.

அவர் சொன்னபடி செய்தால் அச்சில் கட்டாயம் பிழைக்கும் என்று தெரிகிறது. சொன்னாலும் கேட்கிறார் இல்லை.

ருசி வேறு, அச்சு வேறு. ருசியில் விட்டுக்கொடுக்கலாம். அச்சில் பிழைத்தால் நட்டம் கடைக்கு, பழி உங்களுக்கு. அதனால் இந்த இடத்தில் மட்டும் பிடிவாதமாக நில்லுங்கள்.

எங்களுக்கு அதிகமாக வருவது வட்ஸ்அப் படம்தான். சாதாரணமாக அனுப்பினால் படம் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். அதைப் பத்தடி பிளெக்ஸ் முழுக்க விரித்தால் 120 அங்குலத்துக்கு 1600 புள்ளி, அங்குலத்துக்குப் பதின்மூன்றுதான். தூரத்தில் இருந்து பார்க்கிற பிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி இருந்தால் போதும், ஆனால் பதின்மூன்றில் முகம் சதுரம் சதுரமாகத்தான் வரும். இதைச் சொல்லிவிட்டு, அதே படத்தை டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

நிறமும் அப்படித்தான். திரையில் எரிகிற கிளிப்பச்சையும் மின்னுகிற நீலமும் சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு மைகளின் கலப்பில் மங்கிவிடும். வாதாடாமல் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டு அடித்துக் காட்டுங்கள். வெட்டுகிற வேலைகளுக்கு ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுவதை யாரையும் கேட்காமல் நீங்களே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

"பழைய பைலில பேரை மாத்து, முடிஞ்சுது" என்கிறார். அது பிழையா?

கண்ணீர் அஞ்சலி பனருக்கு வேறு வழி இல்லை. செத்த வீட்டுக்காரர் காலையில் வருவார், மத்தியானம் பனர் கட்டியிருக்க வேண்டும். புதிதாக யோசிக்கிற நேரமில்லை, அங்கே யாரும் எங்கள் கலையைப் பார்க்கவும் இல்லை.

ஆனால் நான் பட்ட பெரிய அவமானமும் இதில்தான். குத்துவிளக்கும் "சிவபதமடைந்தார்" என்ற வரியும் உள்ள பழைய பைலில் பெயரை மாற்றி அனுப்பினேன். இறந்தவர் கத்தோலிக்கர். மடு மாதாவின் படம் மாட்டியிருந்த வீட்டு வாசலில் அந்தப் பனரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெடியனின் முகம் இன்னும் ஞாபகம். பைலை எடுத்துத் தந்தவர் முதலாளிதான், ஏச்சு வாங்கியது நான். அன்றிலிருந்து மாதிரிப் பைலில் மாற வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் கத்தரிப்பூ நிறத்தில் போட்டு வைத்தேன். நிறம் எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அச்சுக்குப் போகாது. இப்படி ஒன்றைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், இதைவிடச் சிக்கல். அதில் "அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும்" என்று தொடங்கி மருமக்கள், பேரப்பிள்ளைகள், கனடாவில் இருப்பவர், லண்டனில் இருப்பவர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும். ஒரு பெயர் விடுபட்டால் அது எழுத்துப்பிழை இல்லை, குடும்பச் சண்டை. முதலாளி ஒரு பட்டியலைத் தருவார், மூத்த மகன் வேறொன்றை அனுப்புவார், வெளிநாட்டில் இருந்து மகள் நடுச்சாமத்தில் குரல்பதிவு போடுவார். இங்கே டிசைன் திறமை உதவாது. "இனி ஒராளின்ர சொல்லுத்தான் கடைசி, அது ஆரெண்டு நீங்களே தீர்மானிச்சுச் சொல்லுங்கோ" என்று குடும்பத்திடம் பணிவாகச் சொல்லும்படி முதலாளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது, அவர் சொன்னால் எடுபடும்.

வாடிக்கையாளர் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்துவிடுகிறார். அவர் ஒன்று சொல்ல, முதலாளி இன்னொன்று சொல்கிறார்.

இருவருக்கும் நடுவில் மவுசைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு தனிப் படிப்பு. இரண்டு பேர் சொல்வதையும் செய்து, இரண்டு பைலாக வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்களே ஒரு முடிவுக்கு வருவார்கள்.

பதினேழு தடவை மாற்றிவிட்டு, கடைசியில் முதலாவதுதான் நல்லது என்கிறார்கள்.

முதலாவதை அழிக்காமல் வைத்திருந்தீர்கள்தானே? "கடைசி", "கடைசி புதுசு", "உண்மையான கடைசி" என்று பெயர் வைக்காமல் திகதியும் இலக்கமும் போட்டு வையுங்கள். வாயால் சொன்ன மாற்றங்களை அன்றே வட்ஸ்அப்பில் ஒரு வரியில் எழுதி முதலாளிக்கு அனுப்புங்கள்: "அண்ணை, நீலத்தைச் சிவப்பாக்கி, திகதியைக் கீழ கொண்டுவந்திட்டன். சரியோ?" அவர் பெருவிரலைக் காட்டினால் அதுதான் கையெழுத்து. இதைக் கோபமாகச் செய்யக் கூடாது, மறந்துவிடுவேன் என்ற சாட்டில் செய்ய வேண்டும். அச்சுக்கு முன் அடித்துக்காட்டிய தாளில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிற பழக்கம் உங்கள் கடையில் இல்லாவிட்டால், முதலாளியிடம் சொல்லித் தொடங்கிவையுங்கள். அவருக்கே அது மிச்சம்.

கொழும்பில் இருந்து டிசைன் வருகிறது. "தமிழை மட்டும் உள்ள போடு" என்கிறார்கள். இடமே இல்லை.

தொண்டு நிறுவனங்களின் வேலையில் இது மாதாந்தம் வரும். ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த சட்டை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில் இருந்து தமிழும் அரசகரும மொழி, ஆனால் டிசைன்களில் இன்னும் மிஞ்சிய இடத்தில்தான் அதற்கு இருக்கை. தமிழ்ச் சொற்கள் நீளம். மேலே "கீ"யின் வளைவு, கீழே "மு"வின் சுழி என்று உயரமும் வேண்டும். ஆங்கிலத்துக்கு விட்ட வரி இடைவெளியில் மேல் வரியும் கீழ் வரியும் முட்டிக்கொள்ளும். எழுத்தை நசுக்கி நுழைக்காதீர்கள். வசனத்தைச் சுருக்கலாமா என்று கேளுங்கள். "விழிப்புணர்வூட்டும் செயற்றிட்டத்தின் ஆரம்ப நிகழ்வு" என்பதை "தொடக்க விழா" என்றாக்கினால் யாரும் அழமாட்டார்கள்.

எழுத்து உடைந்து வருகிறதா என்பதை "கிளிநொச்சி" என்ற பெயரிலேயே சோதிக்கலாம். "ந"வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றால், அவர்களுடைய மென்பொருளில் தமிழ் சரியாக அமைக்கப்படவில்லை. போட்டோஷொப்பில் என்றால் எழுத்தமைப்பை "வேர்ல்ட் ரெடி" என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர் உடைந்து தொங்குகிற பதாகையை அந்த ஊரிலேயே கட்டுவது போல வெட்கக்கேடு வேறில்லை. இந்த இடத்தில் நான் பணிவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

முதலாளி பாமினி எழுத்துருவை விடமாட்டேன் என்கிறார்.

விடமாட்டார். அவருடைய பத்துப் பதினைந்து வருடப் பைல்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அது இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் சிந்திக் கிடக்கிற மாதிரித் தெரியும் என்பதை அவரும் அறிவார். வாடிக்கையாளர் போனில் தட்டி அனுப்புவது யூனிகோட் என்ற வேறு குறியீட்டு முறை, அதை மாற்றித்தான் உள்ளே ஒட்ட வேண்டும். மாற்றும்போது "ஸ்ரீ", "ஜ", "ஹ" வருகிற பெயர்களை இரண்டாம் தரம் பாருங்கள். சண்டையை வேறு விஷயத்துக்கு மிச்சம் வையுங்கள்.

கூகிளில் ஒரு படத்தைக் காட்டி "அப்பிடியே செய்" என்கிறார்.

"அப்பிடியே" என்பதை நான் ஒருபோதும் அப்படியே எடுப்பதில்லை. அந்தப் படத்தில் அவருக்குப் பிடித்தது நிறமா, எழுத்தை வைத்த விதமா, பொன்நிறக் கரையா என்று கேட்டால் ஒன்றைச் சொல்வார். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருடைய லோகோவைத்தான் காட்டுகிறார் என்றால் செய்ய முடியாது என்று சொல்லுங்கள். நாளைக்கு அதைப் போட்டுக்கொண்ட கடைக்காரருக்குச் சிக்கல் வந்தால் அவர் வரப்போவது எங்கள் வாசலுக்குத்தான்.

மாலை ஆறு மணிக்கு வேலையைத் தந்து, காலையில் வேண்டும் என்கிறார். எனக்குக் கடைசி பஸ் போய்விடும்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கும்போதும், பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் இப்படி வருவது இயல்பு. தாகசாந்திப் பந்தலுக்கு முதல்நாள்தான் பனர் ஞாபகம் வரும், எங்கள் சனம் அப்படித்தான். வருடம் முழுக்க இப்படியென்றால் அது பழக்கம், அவசரமில்லை.

கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். பழகுகிற ஆள் என்ற சாட்டில் இவற்றை விட்டுவிடுகிற கடைகள் உண்டு. முதல் மாதமே கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் சண்டையாகிவிடும். பஸ் விஷயத்தை வெட்கப்படாமல் நேரே சொல்லுங்கள். குறிப்பாகத் தங்கச்சிமார், "நாலரைக்குப் பிறகு வாற வேலை நாளைக்குத்தான்" என்று முதல் கிழமையிலேயே வீட்டு ஆட்களைக்கொண்டு சொல்லுவித்தால் பிறகு பேச்சு வராது.

ஆட்கள் முன்னால் ஏசுகிறார்.

அந்த இடத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம். மாலையில் கடை பூட்டும் நேரம், "பிழையைச் சொல்லுங்கோ அண்ணை, கேக்கிறன். ஆக்களுக்கு முன்னால வேண்டாம்" என்று ஒரு தரம் சொல்லுங்கள். பாதிப்பேர் கேட்பார்கள். கேட்காதவரோடு எவ்வளவு காலம் இருப்பது என்பது சம்பளத்தையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது, நான் தீர்மானிக்க முடியாது.

அவர் சொல்லிச் செய்த அலங்கோலங்களை வைத்து நான் எப்படி வேறு வேலை தேடுவது?

ஒவ்வொரு வேலையிலும் அவர் கேட்டதைச் செய்து முடித்தபிறகு, வீட்டில் அரை மணித்தியாலம் எடுத்து உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்று செய்து வையுங்கள். நேர்முகத்தில் இரண்டையும் காட்டி, "கேட்டது இது, நான் யோசித்தது இது" என்று விளக்கலாம், முதலாளியைக் குறை சொல்லாமல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையில் இருந்து செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை தந்தவருடையது. ஆகவே அதை விற்க முடியாது. காட்டுவதற்கும் முதலாளியிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. கல்வெட்டு, சாமத்திய வீட்டு அல்பம் போன்றவற்றில் உள்ள முகங்களையும் பெயர்களையும் மறைத்துவிடுங்கள்.

எப்போது விலகலாம்?

கேட்டால் காரணம் சொல்கிற முதலாளி எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் அவரிடம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். ஒரு வருடமாகியும் எந்தக் கேள்விக்கும் "சொன்னதைச் செய்" என்பதைத் தவிர வேறு பதில் வராத இடத்தில், மென்பொருளின் குறுக்குவழிகளைத் தவிர வேறொன்றையும் பழகியிருக்க மாட்டீர்கள்.

போகும்போது ஒரு மாதம் முதலே சொல்லிவிட்டு, பைல்களை ஒழுங்காக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கோபத்தில் அழித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அடுத்த கடையில் அவர்கள் காலடி வைக்கும் முன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஓமந்தையில் இருந்து பரந்தன் வரை அச்சகம் நடத்துகிறவர்கள் எல்லோரும் தாள் தீர்ந்தால் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்குகிறவர்கள்.